சட்டைக்குள்ளே யார்?



சில வாரங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இரவு. மறுநாள் சமய வகுப்புக்குப் பாடம் தயார் பண்ண எங்கள் வட்டாரத் தொண்டர்கள் ஐந்து பேர் ஒரு வீட்டில் கூடியிருந்தோம். பத்து மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது. "அண்ணா, ஒரு படம் போடலாமா? போலீஸ் கதை, நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்றான் ஒரு தம்பி. சரி என்று உட்கார்ந்தோம்.

படத்தின் பெயர் "தி கில்லர் இன்சைட் மீ". 2010-இல் வந்தது. 'என்னுள் இருக்கும் கொலைகாரன்' என்று பொருள். இயக்கியவர் மைக்கேல் வின்டர்பாட்டம் என்ற பிரிட்டிஷ் இயக்குநர். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் மேற்குப் பக்கம் எண்ணெய்க் கிணறுகள் உள்ள ஒரு சிற்றூர். காலம் 1950-கள். அந்த ஊரின் துணை ஷெரிஃப், அதாவது ஊர்க்காவல் அதிகாரிக்கு அடுத்த நிலையில் இருப்பவன், லூ ஃபோர்டு. அவன்தான் கொலைகாரன்.

பாதிப் படத்தில் எங்களோடு இருந்த தங்கை ஒருத்தி எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். திரையில் அப்போது லூ ஒரு பெண்ணைக் கையால் முகத்திலேயே குத்திக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது: "அடிக்கிறது முடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்ல" என்றான் தம்பி.

அவள் தே தண்ணி கலக்கிக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் அந்தக் காட்சி முடிந்தது. படம் முடிந்ததும் யாரும் உடனே பேசவில்லை. நல்ல படம் பார்த்த பிறகு வரும் மௌனம் வேறு. இது ஏதோ கெட்டுப்போனதைத் தின்றுவிட்ட மாதிரி ஒரு மௌனம். முதலில் பேசியது படம் போட்ட தம்பிதான். "பாவம்ணா அவன். சின்ன வயசுல நடந்ததுதானே எல்லாத்துக்கும் காரணம்?"

தங்கை அவனைப் பார்த்தாள். "அவன் பாவமா? அந்த ரெண்டு பொண்ணுங்க?"

இந்தக் கட்டுரை அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் நான் மாட்டிக்கொண்டதைப் பற்றியது. இது பெரியவர்களுக்கான படம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தேடிப் போய்ப் பார்க்க வேண்டாம். பார்க்காமலேயே பேச வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது.

கதை

லூ ஃபோர்டாக நடித்தவர் கேசி அஃப்லெக். மெல்லிய குரல், சுத்தமான சட்டை, தலையில் வெள்ளைத் தொப்பி. பெண்களிடம் மரியாதையாகப் பேசுவான். ஊரே அவனை நல்ல பிள்ளை என்கிறது. அவனுடைய அப்பா டாக்டர். அவர் விட்டுப்போன வீட்டில், அவர் புத்தகங்களுக்கு நடுவில் தனியாக இருக்கிறான்.

ஊருக்கு வெளியே ஜாய்ஸ் என்ற பெண் உடலை விற்றுப் பிழைக்கிறாள். அவளை ஊரைவிட்டு அனுப்பிவிட்டு வா என்று ஷெரிஃப் லூவை அனுப்புகிறார். அவள் கோபத்தில் அறைகிறாள். அவன் இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி அவளை அடிக்கிறான். அங்கிருந்து அவர்களுக்குள் ஒரு கோணலான உறவு தொடங்குகிறது. ஊரில் பெரிய கட்டுமான முதலாளி கான்வே. அவருடைய மகனும் ஜாய்ஸ்மேல் ஆசையாக இருக்கிறான். தன்னுடைய வளர்ப்பு அண்ணன் சாவுக்குக் கான்வேதான் காரணம் என்று லூ நினைக்கிறான். ஒரே இரவில் ஜாய்ஸை அடித்துப் போட்டு, கான்வேயின் மகனையும் சுட்டு, இருவரும் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்ட மாதிரி ஜோடித்துவிடுகிறான். அந்தப் பொய்யை மறைக்க இன்னொரு கொலை, அதை மறைக்க இன்னொன்று. தன்னைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் ஆசிரியை ஏமியையும் அவன் கையாலேயே அடித்துக் கொல்கிறான். கடைசியில் வீட்டுக்குத் தீ.

இந்தக் கதை ஒரு நாவலிலிருந்து வந்தது. எழுதியவர் ஜிம் தாம்சன், வெளிவந்த ஆண்டு 1952. தாம்சனின் அப்பாவே ஓக்லஹோமா மாநிலத்தில் ஷெரிஃபாக இருந்தவர். பணம் கையாடியதாகப் பேச்சு கிளம்பி, அந்தப் பதவியை விட்டுப் போனவர். அதனால், நட்சத்திரப் பதக்கத்துக்குப் பின்னால் என்ன இருக்கலாம் என்று தாம்சனுக்கு வீட்டிலிருந்தே தெரிந்திருக்கும்.

நான் ஏமாந்த இடம்

போலீஸ்காரன் கொலைகாரனாக இருப்பது ஒரு படத்தின் குறை ஆகாது. அப்படிப்பட்ட கதை நமக்கு வேண்டும். நம் சமூகத்தில் லாக்கப் சாவு என்ற சொல்லுக்கு யாரும் அகராதி தேட வேண்டியதில்லை. காப்பாற்ற வேண்டியவனே கொல்பவனாக மாறினால் ஓர் ஊர் என்ன ஆகும் என்பது பெரிய கேள்வி. இந்தப் படம் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, பதில் தேடாமல் எங்கேயோ போய்விட்டது. அதுதான் என் ஏமாற்றம்.

முதல் குறை, அடியைக் காட்டிய விதம். இந்தப் படத்தில் ஆண்களும் சாகிறார்கள். கான்வேயின் மகன் சாவது சட்டென்று முடிந்துவிடுகிறது. பெண்கள் சாகும்போது மட்டும் கேமரா நகர மறுக்கிறது. படம் முதலில் திரையிடப்பட்ட 2010-ஆம் ஆண்டிலேயே இது பெரிய சர்ச்சையானது. வன்முறை என்றால் பார்ப்பவருக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்க வேண்டும், அதை ரசிக்கிற மாதிரி காட்டுவதுதான் தவறு என்பது இயக்குநர் தரப்பு வாதம். இந்த வாதத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. நம் தமிழ்ப் படங்களில் கதாநாயகன் பத்துப் பேரைப் பறக்கவிடும்போது நாம் விசில் அடிக்கிறோமே, அதைவிட இது நேர்மைதான். ஆனால் அதிர்ச்சி மட்டும் போதுமா? அடி வாங்குகிற பெண் யார், அவளுக்கு என்ன ஆசை, என்ன பயம் என்று ஒன்றுமே தெரியாமல் அவள் முகம் சிதைவதை மட்டும் பார்த்தால், பார்ப்பவன் யார் பக்கம் நிற்கிறான்? அடிக்கிற கையின் பக்கம்தான். ஜாய்ஸும் ஏமியும் அவன்மேல் அன்பு வைத்திருக்கிறார்கள், சாகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு கோபத்தைக்கூடப் படம் கொடுக்கவில்லை.

நாவலில் லூதான் கதையைச் சொல்கிறான். எழுத்தில் 'நான்' என்று ஒருவன் பேசும்போது, அவன் பொய் சொல்கிறான் என்பதை வாசகன் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடிக்கிறான். ஒருவன் தன் அநியாயத்துக்கு எப்படியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்வான் என்று உள்ளேயிருந்தே பார்க்கிறோம். திரையில் அந்த 'நான்' வெறும் பின்னணிக் குரல் ஆகிவிடுகிறது. கேமரா வெளியே நிற்கிறது. அதனால் மனசாட்சியின் கதையாக இருக்க வேண்டியது அடிதடியின் கதையாகிவிட்டது.

இரண்டாவது குறை, படம் கொடுக்கும் காரணம். நடுநடுவே லூவின் சின்ன வயது வருகிறது. அப்போது அந்த வீட்டில் இருந்த ஒரு பெண் அவனைத் தவறான வழிக்கு இழுத்திருக்கிறாள். இதைக் காட்டிய உடனே நம் மனம் 'ஓ, அதனாலதானா' என்று ஒரு பெருமூச்சு விட்டு, சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறது. 'அவன் நோயாளி, நமக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை.' படத்தின் பெயர் 'என்னுள் இருக்கும் கொலைகாரன்'. முடிகிறபோது அது 'அவனுள் இருக்கும் கொலைகாரன்' ஆகிவிட்டது. நான் வசதியாக வெளியே வந்துவிட்டேன்.

ஒரு காட்சியை மட்டும் பாராட்ட வேண்டும். ஜானி என்று ஓர் இளைஞன், லூவை அண்ணன் மாதிரி நம்புகிறவன். லூ கொடுத்த இருபது டாலர் நோட்டால் சந்தேகத்தில் மாட்டி உள்ளே கிடக்கிறான். அவனிடம் பேசிப் பார்க்க லூவையே அனுப்புகிறார்கள். லூ அந்தச் சிறை அறையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப அன்பாகப் பேசுகிறான். அந்த அன்பு பொய்யாகவும் தெரியவில்லை. அந்தப் பையன் உயிரோடு வெளியே வரவில்லை. எனக்கு முதுகு சில்லிட்டது அங்கேதான். ரத்தமே இல்லாத காட்சி. ஒருவன் தன்னை நம்பினவனுக்கு எதிராக அந்த நம்பிக்கையையே ஆயுதமாக எடுக்கும் காட்சி.

சரியாகச் சொன்ன இரண்டு படங்கள்

இதே ஜிம் தாம்சன் 1964-இல் எழுதிய இன்னொரு நாவலிலும் கொலைகார ஷெரிஃப்தான் நாயகன். அதை பெர்த்ராண்ட் தவெர்னியே என்ற பிரெஞ்சு இயக்குநர் 1981-இல் 'கூ த தோர்ஷோன்' என்று படமாக்கினார். கதையை அமெரிக்காவிலிருந்து தூக்கி, 1938-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மேற்கு ஆப்பிரிக்காவில் கொண்டுபோய் வைத்தார். ஊரே கேலி செய்யும் ஒரு சோம்பேறிப் போலீஸ்காரன். ஒரு நாள் தன்னை அவமானப்படுத்தும் ரவுடிகளைச் சுடுகிறான். செத்தவர்கள் கெட்டவர்கள், அதனால் நாமும் சிரிக்கிறோம். பிறகு, உண்மை தெரிந்துவிட்ட ஒரே காரணத்துக்காக ஓர் அப்பாவி ஆப்பிரிக்க வேலைக்காரனையும் சுடுகிறான். நம் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இவ்வளவு நேரம் கைதட்டியது யாருக்கு என்று நாம் நம்மையே கேட்க வேண்டியிருக்கிறது. கறுப்பு மனிதனின் உயிருக்கு மதிப்பே இல்லாத ஓர் ஆட்சிதான் அவனுக்குத் துணை என்பதும் புரிகிறது.

நமக்குப் பக்கத்தில் வெற்றிமாறனின் 'விசாரணை' இருக்கிறது. 2015-இல் வந்தது. செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி ஆந்திராவில் அடிபடும் தமிழ்த் தொழிலாளர்களின் கதை. அடிபட்டவரே எழுதிய 'லாக்கப்' நாவல்தான் அதற்கு மூலம். அதிலும் அடி நீளமாகத்தான் வருகிறது. ஆனால் நாம் அடிபடுகிறவனின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறோம். பார்க்க முடியாமல் கண்ணை மூடினாலும் அவனை விட்டு எழுந்து போக மனம் வராது.

ஆகவே 'வன்முறையைக் காட்டலாமா, கூடாதா' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த இடத்தில் நின்று காட்டுகிறாய் என்று கேட்க வேண்டும்.

அர்ஜுனன் கேட்ட கேள்வி

இப்போது தம்பியின் வாக்கியத்துக்கு வருகிறேன். 'பாவம், சின்ன வயசுல நடந்ததுதானே காரணம்.'

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் ஒரு கேள்வி கேட்கிறான். செய்ய விருப்பமில்லாத பாவத்தையும் யாரோ பிடித்துத் தள்ளுகிற மாதிரி மனிதன் செய்துவிடுகிறானே, அவனைத் தள்ளுவது எது? கேட்பது யார் என்று கவனியுங்கள். துரியோதனன் கேட்கவில்லை. நல்லவன், தர்மத்தின் பக்கம் நிற்கிறவன் கேட்கிறான். தனக்குள்ளேயும் அது இருக்கிறது என்று தெரிந்ததால்தான் கேட்கிறான். கிருஷ்ணரும் 'அது கெட்டவர்களுக்கு வரும் வியாதி, நீ பயப்படாதே' என்று சொல்லவில்லை. ஆசை, கோபம் என்று பெயர் சொல்லிக் காட்டுகிறார். ரஜோ குணத்திலிருந்து பிறப்பது, கண்ணாடியைத் தூசி மூடுகிற மாதிரி அறிவை மூடுவது, புலன்களிலும் மனத்திலும் புத்தியிலும் குடியிருப்பது என்று விளக்குகிறார். மனத்தில் மட்டும் இல்லை, புத்தியிலும்! அதனால்தான் புத்திசாலிகள் தங்கள் கொடுமைக்கு அழகான காரணம் கண்டுபிடிக்கிறார்கள். லூ ஃபோர்டு முட்டாள் இல்லையே.

நம் பசங்களில் சிலர் இதையே வேறு மாதிரி சொல்வார்கள்: "எல்லாம் கர்மாண்ணா. அவன் தலையெழுத்து." சைவ சித்தாந்த வகுப்பில் வினையை மூன்றாகப் பிரித்துப் படித்தது ஞாபகம் இருக்கிறதா? சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். இப்போது வந்து அனுபவிப்பது பிராரத்துவம். இப்போது நாம் புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். ஒருவன் எப்படிப்பட்ட வீட்டில் பிறந்தான், அவனுக்கு என்ன நேர்ந்தது என்பது வந்து சேர்ந்தது. அவன் இன்றைக்கு யாரை அடிக்கிறான் என்பது அவன் சேர்ப்பது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் கர்மக் கொள்கையே ஒரு சாக்குப்போக்கு ஆகிவிடும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் கொடுமைக்கு ஆளான பிள்ளையிடம் போய் 'அது உன் வினை' என்று சொல்லும் உரிமை நம் யாருக்கும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு நாம் கொடுக்க வேண்டியது பாதுகாப்பு. அப்படிக் காயப்பட்ட எத்தனையோ பேர் பிறரைக் காயப்படுத்தாமல், இன்னும் சொன்னால் பிறர் காயத்துக்கு மருந்தாகவே, வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். 'சின்ன வயசுல நடந்ததுதான் காரணம்' என்று லூவை மன்னித்தால் அவர்களையெல்லாம் அவமதித்த மாதிரி ஆகிவிடும். அவனுக்காக இரக்கப்படலாம். அவன் கணக்கைத் தள்ளுபடி செய்ய முடியாது.

முத்தநாதனின் புத்தகப் பை

பதக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவன் டெக்சஸில் மட்டும் பிறக்கவில்லை. பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் கதை உங்களுக்குத் தெரியும். திருக்கோவலூரில் இருந்து ஆண்ட அரசர். போரில் அவரை ஜெயிக்க முடியாத முத்தநாதன் திருநீறு பூசி, சடை முடித்து, சிவனடியார் வேடத்தில் வருகிறான். கையில் புத்தகப் பை, அதற்குள் கத்தி. சிவாகமம் சொல்லித் தருகிறேன் என்று சொல்லி, அரசரைக் கீழே உட்கார வைத்து, அவர் வணங்கும்போது குத்துகிறான். காவலன் தத்தன் வாளை உருவிக்கொண்டு பாய்கிறான். விழுந்துகொண்டே அரசர் அவனைத் தடுக்கிறார். இவர் நம்மவர், ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடு என்கிறார். தத்தன் திரும்பி வந்து செய்தி சொல்லும் வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார்.

வகுப்பில் இந்தக் கதை சொன்னால் கட்டாயம் ஒருவன் கை தூக்குவான். "அண்ணா, இது முட்டாள்தனம் இல்லையா? குத்தினவன விட்டுட்டா அவன் அடுத்தவன குத்த மாட்டானா?" நல்ல கேள்வி. ரொம்ப நாள் எனக்குப் பதில் தெரியாது. இந்தப் படம் பார்த்த பிறகுதான் கொஞ்சம் புரிந்த மாதிரி இருக்கிறது.

நாயனார் காப்பாற்றியது முத்தநாதனை இல்லை, அவன் போட்டிருந்த வேடத்தை. அது அவர் தன் உயிரைக் கொடுத்து எடுத்த முடிவு. குத்துப்பட்டவர் தன் வரைக்கும் எடுத்த முடிவு. அதை எடுத்துக்கொண்டு போய், அடிபட்ட இன்னொருவரிடம் 'நீயும் சும்மா இரு, அவர் பெரியவர், சாமி காரியம் செய்பவர்' என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. வேடத்துக்காக ஒருவர் உயிரையே கொடுத்தார் என்றால், அந்த வேடம் அவ்வளவு பெரியது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் அதைப் போட்டுக்கொண்டு நிற்பவனிடம் நாம் எவ்வளவு கணக்குக் கேட்க வேண்டும்! மரியாதை கூடக் கூடக் கேள்வியும் கூட வேண்டும். நாம் தலைகீழாகச் செய்கிறோம். மரியாதை கூடினால் கேள்வியை நிறுத்திவிடுகிறோம்.

லூவின் ஊர் அதைத்தான் செய்தது. அவனை நல்லவன் என்று முடிவு கட்டிவிட்டதால் கண் முன்னால் கிடந்ததையும் பார்க்கவில்லை. சந்தேகப்பட்டவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். வயதான ஷெரிஃப் அவனை மகன் மாதிரி நம்பி, கடைசியில் உண்மையைத் தாங்க முடியாமல் தன் உயிரையே மாய்த்துக்கொள்கிறார். வள்ளுவர் கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரமே வைத்தார். புதருக்குப் பின்னால் ஒளிந்து பறவை பிடிக்கும் வேடனை அங்கே காட்டுகிறார். வேடன் மேல் மட்டும் தப்பா? புதருக்குள் யார் என்று ஊரில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லையே!

ஒரு முகாம் இரவு

இதுவரை எழுதியதை ஒரு சினிமா விமர்சனமாகவே முடித்திருக்கலாம். அப்படி முடித்தால் படம் செய்த தவறையே நானும் செய்தவன் ஆவேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு பண்பாட்டு முகாமில் தொண்டர். எந்த முகாம், எந்த ஊர் என்பது வேண்டாம். கழுத்தில் பேட்ஜ் மாட்டியிருந்தேன். இரண்டாம் நாள் இரவு, விளக்கணைத்த பிறகும் ஒரு பையன் பேசிக்கொண்டிருந்தான். படிவம் 1 படிக்கும் பையன். இரண்டு தடவை சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எழுப்பி வெளியே கூட்டிப்போய் ஜல்லிக்கல் கொட்டிய இடத்தில் முட்டி போட வைத்தேன். "இன்னொரு வாட்டி சிரி பாப்போம்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. ஆனாலும் அறைந்தேன். ஒன்று இல்லை, இரண்டு.

மறுநாள் மற்ற தொண்டர்கள், "நல்லா செஞ்சீங்க, இப்பதான் அடங்கி இருக்கானுங்க" என்றார்கள். ஒழுக்கத்துக்காகச் செய்தேன் என்று நானும் சொல்லிக்கொண்டேன். நம் வளர்ப்பே அப்படித்தானே, ரோத்தான் அடி வாங்காமல் யார் வளர்ந்தோம் என்று ஒரு நியாயமும் வைத்திருந்தேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. இரண்டாவது அறை ஒழுக்கத்துக்காக இல்லை. முதல் அறையிலேயே அவன் அடங்கிவிட்டான். அவன் கண்ணில் பயம் வந்ததைப் பார்த்தேன். அந்த ஒரு நொடி எனக்குப் பிடித்திருந்தது. அதனால் இரண்டாவது அறை.

எனக்குச் சின்ன வயதில் எந்தக் கொடுமையும் நடக்கவில்லை. அன்பான அப்பா அம்மா. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில், தேவாரம். படம் லூவுக்குக் கொடுத்த காரணம் எதுவும் என்னிடம் இல்லை. என்னிடம் இருந்தது ஒரு பேட்ஜ், ஓர் இருட்டு, கேள்வி கேட்க ஆள் இல்லாத பத்து நிமிஷம். அவ்வளவு போதுமாக இருந்தது.

நான் லூ ஃபோர்டு இல்லை. இரண்டு அறைக்கும் கொலைக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவதும் பொய்தான். ஆனால் அந்தப் பாதை எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த ஜல்லிக்கல் தரையில் நான் நின்றிருக்கிறேன்.

படம் பார்த்த அந்த வாரம், பழைய தொண்டர் ஒருவரிடம் கேட்டு அவன் நம்பரைத் தேடினேன். இப்போது வேலைக்குப் போகிறான். அழைத்துப் பெயர் சொன்னேன். "ஞாபகம் இருக்காப்பா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இருக்குண்ணா" என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவனுக்கு இல்லை. "சரிண்ணா, வேலையில இருக்கேன்" என்று வைத்துவிட்டான். அந்த முகாமுக்குப் பிறகு அவன் எந்த நிகழ்ச்சிக்கும் வரவில்லை என்பதை அதற்கப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அவன் இழந்தது வெறும் முகாம் இல்லை. தேவாரமும் கதையும் நண்பர்களும் அவனுக்குக் கிடைத்திருக்கும். என் ஒரு நொடி இனிப்புக்காக அதெல்லாம் போயிற்று.

பேட்ஜ் போடுமுன்

உங்களில் பலர் ஏற்கனவே ஏதோ ஒரு பேட்ஜ் போட்டிருக்கிறீர்கள். பள்ளியில் மாணவத் தலைவர், கிளையில் செயலாளர், தைப்பூசத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் தொண்டர், வீட்டில் மூத்த பிள்ளை. நாளைக்குச் சிலர் உண்மையான காக்கி, நீலச் சீருடை போடுவீர்கள். போடுங்கள், நம் பிள்ளைகள் அங்கே வேண்டும்.

கோபத்தில் ஒருவரைக் கண்டிக்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். எதிரில் இருப்பவன் அடங்கிவிட்ட பிறகும் உங்கள் கை இறங்க மறுக்கிறதா? அவன் பயம் உங்களுக்குக் கொஞ்சம் இனிக்கிறதா? அர்ஜுனன் கேட்டது அந்த இடத்தைப் பற்றித்தான். அங்கே நின்றுவிடுங்கள். அந்த இடத்தைவிட்டு நகர்ந்து, இன்னொருவரைக் கூப்பிடுங்கள். தனியாகவும் இருட்டிலும் யாரையும் தண்டிக்காதீர்கள். இது சின்ன விதிதான். அன்றைக்கு என் பக்கத்தில் இன்னொரு தொண்டர் நின்றிருந்தால் இரண்டாவது அறை விழுந்திருக்காது.

பேட்ஜ் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓர் அண்ணன், ஓர் அக்கா, ஒரு பெரியவர் தவறாக நடந்தால் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். கேட்டால் இயக்கத்துக்குக் கெட்ட பேர் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேட்காமல் விட்டால்தான் வரும்.

படத்தை நிறுத்திய பிறகு அந்தத் தங்கை கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "அந்த ரெண்டு பொண்ணுங்க?" இரண்டு மணி நேரப் படம் கேட்காத கேள்வியை அவள் தே தண்ணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள். அடுத்த முறை முகாமில் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் அவள் பெயரைச் சொல்லப்போகிறேன்.